நாலு போத்தல் ஞாபகம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஜீவரட்ணம் ரைம்கீப்பராக இருந்த பதினொரு வருசமும் அவர் அட்டவணைப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததை ஒருவரும் கண்டதில்லை. பருத்தித்துறைக்கு அடுத்தது எத்தனைக்கு, காரைநகர் பஸ் இன்றைக்கு எந்த டிரைவரோடு போகிறது, எது பிந்தும், எது வரவே வராது, எல்லாம் கேட்டவுடன் வாயில் வரும். அந்தப் பெருமை அவருக்கு நிறைய இருந்தது. அதனால்தான் கிரின்ஸ்டெட் என்ற சின்ன டென்மார்க் ஊரில், நாற்பத்தொரு வயதில், காலையில் படித்த டெனிஷ் சொல் பின்னேரம் தலையில் இல்லை என்று கண்டபோது மனுசன் ஆடிப்போனார்.

அவர் அங்கே வந்தது எண்பத்தாறாம் ஆண்டு. வாளிகளுக்கு மூடி செய்கிற ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மனைவி கிருபாமலரும் மகள் சோபனாவும் யாழ்ப்பாணத்தில். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்கு மனைவி பிள்ளையைக் கூப்பிடச் சட்டத்தில் உரிமை இருந்தது. எண்பத்தேழில் விண்ணப்பம் போட்டார். ஆனால் அந்த நேரம் தமிழர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் தலைநகரில் ஏதோ ஒரு மேசையில் போய்ப் படுத்துவிட்டன. மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்பார். "பார்வையில் இருக்கிறது" என்பார்கள். யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று அங்கே இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

அந்தக் காத்திருப்பில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கிருபாவும் பிள்ளையும் வந்திறங்கும் நாளில் பில்லுண்ட் விமான நிலையத்துக்குத் தானே கார் ஓட்டிப்போய்க் கூட்டிவர வேண்டும். பில்லுண்ட் பக்கத்தில்தான், காரில் கால்மணித்தியாலம். பஸ்ஸை நம்பினால் அந்த ஊரில் பாதி வாழ்க்கை தரிப்பிடத்தில் போய்விடும் என்பது ரைம்கீப்பருக்கு ஒரு கிழமையிலேயே விளங்கியிருந்தது.

லைசென்ஸ் எடுப்பதற்கு முதல் எழுத்துச் சோதினை ஒன்று உண்டு. திரையில் தெருப்படம் விழும், ஒலிநாடா டெனிஷில் கேள்வி கேட்கும், சரியா பிழையா என்று தாளில் குறிக்க வேண்டும். 'வீயெப்ளிக்ட்' என்றொரு சொல். மற்ற வண்டிக்கு வழிவிட வேண்டிய கடமை என்று அர்த்தம். அது இல்லாத கேள்வியே இல்லை. ஜீவரட்ணம் அதை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார், வேலைக்குப் போகும் சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனார். சோதினை அறைக்குள் படம் விழுந்ததும் அந்தச் சொல் யாருடையதோ வீட்டுப் பெயர் மாதிரித் தெரிந்தது. முதல் தரம் தவறினார். இரண்டாம் தரமும் தவறினார்.

அவரோடு ஒரே வீட்டில் றொபேட் என்ற மன்னார்ப் பொடியன் இருந்தான். இருபத்தாறு வயது, அதே தொழிற்சாலை. "அண்ணை, வயசு போகப்போக மூளை இறுகுமாம். இளக்கிறதுக்கு ஏதாவது எடுங்கோ" என்று அவன் பகிடியாகச் சொன்னான். ஜீவரட்ணம் பகிடியாக எடுக்கவில்லை.

லண்டனில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த மச்சான் பாலேந்திராவுக்கு எழுதினார். அவன் ஒரு பெரிய போத்தல் மஞ்சள் குளிசை அனுப்பினான். போத்தலில் நாளுக்கு ஒன்று என்றிருந்தது. கடிதத்தில் பாலேந்திரா, "சோதினைக்குப் படிக்கிற ஆக்கள் மூண்டு போடுறவை" என்று எழுதியிருந்தான். றொபேட்டின் அக்கா ஜேர்மனியிலிருந்து வந்தபோது நரம்புக்கு நல்லதென்று இளஞ்சிவப்புக் குளிசை கொண்டுவந்து தந்தாள். அது காலையும் மாலையும். தொழிற்சாலையில் பக்கத்தில் நிற்கும் எல்ஸே என்ற அம்மா ஒரு விலைப்பட்டியல் புத்தகத்தைக் காட்டினாள். அதில் ஒரு கிழவர் சதுரங்கம் விளையாடிக்கொண்டு சிரிக்கிற படம், பக்கத்தில் 'மூளைச் சக்தி' என்று ஒரு கலவை விற்றமின். அதையும் எடுத்தார். கூடவே ஏதோ சீன மரத்து இலைச்சாற்றுக் குளிசை ஒன்று. அது கபில நிறம், கசப்பு, ஆகவே வேலை செய்யும் என்று நம்பினார்.

நாலு போத்தலும் குசினி யன்னலில் வரிசையாக நின்றன. ரைம்கீப்பர் அல்லவா, அவற்றுக்கும் ஓர் அட்டவணை போட்டார். ஆறு பத்துக்கு லண்டன், ஆறு இருபதுக்கு ஜேர்மனி, மத்தியானம் பன்னிரண்டுக்கு மறுபடி லண்டன், பின்னேரம் ஐந்தரைக்குச் சதுரங்கக் கிழவரும் சீன இலையும் மறுபடி ஜேர்மனியும், இரவு எட்டுக்குக் கடைசி லண்டன். ஒருநாளும் பிந்தியதில்லை. றொபேட் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு சொல்வான்: "அண்ணை, ஜேர்மனி பஸ் இண்டைக்கு ரண்டு நிமிசம் லேற்."

"டிரைவர் முகம் கழுவப் போனவர்" என்பார் ஜீவரட்ணம்.

இப்படி எண்பத்தெட்டு ஆனியில் தொடங்கியது. மார்கழி மட்டில் உள்ளங்காலில் ஊசி குத்துவதுபோல ஒன்று வந்தது. குளிர் என்று நினைத்து இரண்டு சோடிக் காலுறை போட்டார். தை மாதம் சேட்டுப் பொத்தான் பூட்ட மறுத்தது. விரல் நுனியில் துணி இருக்கிறதா பொத்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை. மாசியில் மூடிகள் கையிலிருந்து விழத் தொடங்கின. மேற்பார்வையாளர் ஒரு மாதிரிப் பார்த்தார். ஜீவரட்ணம் யாருக்கும் சொல்லவில்லை. கிருபாமலருக்கு எழுதிய கடிதத்தில் பனி வடிவாக இருக்கிறது என்று மட்டும் எழுதினார். அவருடைய தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்தவர். அது இப்படித்தான் தொடங்கியதா என்று கேட்க அவருக்கு அந்த ஊரில் ஆளில்லை.

கார் பழக்கியவர் பெயர் கெல். அறுபதைத் தொட்ட மனுசன், முன்னர் பால் லொறி ஓட்டியவர், கத்தத் தெரியாதவர். பங்குனி மாதம் ஒரு மழைநாள், சந்தி ஒன்றை நெருங்கும்போது "பிறேக்" என்றார். ஜீவரட்ணம் மிதித்தார். கார் உறுமிக்கொண்டு முன்னே பாய்ந்தது. கெல் தன் பக்கத்து பிறேக்கை அழுத்த, கார் சறுக்கி ஒரு வீட்டு வேலியை மடித்துக்கொண்டு உள்ளே போய்க் கொடிக்கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வீட்டுக்காரப் பாட்டி குடையோடு வந்து, கார்க் கூரையில் இருந்த பழகுவண்டிப் பலகையை வாசித்துவிட்டு, "கோப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டா.

கெல் எஞ்சினை நிறுத்தினார். "ஜீவா, நீர் பிறேக்கை மிதிக்கேல்லை. ஏன்?"

"மிதிச்சன் எண்டுதான் நினைச்சன்."

"கால் எங்க நிக்குதெண்டு தெரியாதா?"

"குனிஞ்சு பார்த்தால் தெரியும்" என்றார் ஜீவரட்ணம்.

கெல் அதற்குச் சிரிக்கவில்லை. கோப்பியைக் குடித்து முடித்து, வேலியை நாளைக்கு வந்து சரிசெய்து தருவதாகப் பாட்டியிடம் சொல்லிவிட்டு, காரை நேரே வைத்தியரிடம் விட்டார்.

வைத்தியர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார், சீனி இருக்கிறதா என்று இரத்தம் எடுத்தார். "வேற ஏதும் மருந்து பாவிக்கிறீரா?" என்று கேட்டார். "இல்லை" என்றார் ஜீவரட்ணம். பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் வருத்தத்துக்குப் போடுவது. யன்னலில் நிற்பது விற்றமின், சாப்பாடு மாதிரி. அவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று ஒரு கிழமையில் பதில் வந்தது. பாரிசவாதம் போலவும் தெரியவில்லை, பெரிய ஆசுபத்திரிக்கு எழுதுகிறேன், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார் வைத்தியர். காத்திருப்பதில் ஜீவரட்ணத்துக்குப் பழக்கம் இருந்தது. ஆனால் கால் காத்திருக்கவில்லை. படியில் இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டது.

ஒரு சனிக்கிழமை காலை மருந்துக்கடைக்குப் போனார். காலில் பூசச் சூடான தைலம் ஒன்று வேண்டும், ஞாபகசக்திக்கு இன்னும் பலமான ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டும் என்று கேட்டார். இங்கர் என்ற மருந்தாளர் பெண், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"இன்னும் பலமானது எண்டால், இப்ப எது போடுறீர்?"

இது அவர் விரும்புகிற கேள்வி. தெரிந்த டெனிஷில் அட்டவணையை முழுதாக ஒப்புவித்தார்: ஆறு பத்து, ஆறு இருபது, பன்னிரண்டு, ஐந்தரை, எட்டு. முடிந்ததும், "தைலத்தை விடும். வீட்டை போய் எல்லாப் போத்தலையும் கொண்டு வாரும். காலியான போத்தல் இருந்தாலும் கொண்டு வாரும்" என்றாள்.

அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். இங்கர் மேசையில் நிரைக்கு வைத்து, ஆங்கிலத்தையும் ஜேர்மனையும் டெனிஷையும் மாறிமாறி வாசித்து, ஒரு துண்டில் எழுதினாள். பிறகு துண்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"பேர் வேற வேற, நிறம் வேற வேற. ஆனால் இந்த மூண்டுக்குள்ளையும் ஒரே சாமான் இருக்குது, பாரும். பி ஆறு. லண்டன் குளிசையில் நூறு மில்லிகிராம், மூண்டு போடுறீர். ஜேர்மனியிலையும் நூறு, ரண்டு போடுறீர். மற்றதில் கொஞ்சம். எல்லாம் ஐந்நூற்றுப் பத்து."

"அது நல்லதுதானே? விற்றமின்."

"உடம்புக்கு ஒரு நாளைக்கு ரண்டு மட்டில் போதும். நீர் ஒன்பது மாசமாக ஒவ்வொரு நாளும் இருநூற்றைம்பது பேரின்ர பங்கைச் சாப்பிடுறீர். அளவோட எண்டால் இது நரம்புக்கு நல்லது. இவ்வளவு கூடினால் அதே நரம்பைக் கெடுக்கும். கால், விரல், அப்பிடித்தான் தொடங்கும்."

ஜீவரட்ணம் போத்தல்களைப் பார்த்தார். தொழிற்சாலைக் குளிரும் தகப்பனின் நோயும் எத்தனை விதமாகவோ அவர் தலைக்குள் சுற்றியிருந்தன. இந்த மஞ்சள் குளிசை ஒருநாளும் சுற்றியதில்லை.

"வைத்தியருக்குச் சொன்னீரா?"

"அவர் மருந்து எண்டெல்லோ கேட்டவர்."

இங்கர் தொலைபேசியை எடுத்து அந்த இடத்திலேயே வைத்தியரோடு கதைத்தாள். வைத்தியரும் அதுவாகத்தான் இருக்கும் என்றார். எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்தச் சொன்னார். தொலைபேசியை வைத்ததும் இங்கர் கபிலப் போத்தலைத் தனியாகத் தூக்கினாள். "இந்த இலைச்சாறு. தலையிடிக்கு நீர் அஸ்பிரின் போடுறனீரா?"

"இடைக்கிடை."

"ரண்டும் சேர்ந்தால் இரத்தம் ஒழுகிற தன்மை கூடுமோ எண்டு எனக்குச் சந்தேகம் இருக்கு. நிச்சயமாத் தெரியாது. தெரியாத மட்டும் இதையும் விடுவம். இன்னொண்டு சொல்லுறன், கவனமாக் கேளும். நிப்பாட்டினவுடன் சுகம் வராது. ரண்டு மூண்டு கிழமைக்கு இன்னும் கூடுற மாதிரியும் இருக்கலாம். அப்ப பயந்து திரும்பப் போடாதையும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போத்தல் பையையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட, அவள் பின்னால் கூப்பிட்டாள். "ஜீவா, எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்ளுறீர்?"

"மூண்டு. சில நேரம் நாலு."

"ஏன்?"

விண்ணப்பத்தைப் பற்றி, இரண்டு வருசத்தைப் பற்றி, இந்திய இராணுவம் ஊருக்குள் நிற்பதைப் பற்றி, சொல்லத் தெரிந்த அளவுக்குச் சொன்னார். சொல்லி முடிக்கப் பத்து நிமிசம் எடுத்தது. ஒரு சொல்லுக்கும் அவர் தடுமாறவில்லை. அது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

"மூண்டு மணித்தியால நித்திரையோட எந்த மூளையும் சொல் பிடிக்காது" என்றாள் இங்கர். "ஞாபகத்தைக் கூட்டுதெண்டு ஒழுங்காக நிரூபிச்ச குளிசை ஒண்டும் என்ர கடையில் இல்லை. இருந்தால் முதல் நான்தான் போடுவன். கண்ணாடியை எங்க வைச்சன் எண்டு காலையிலை தேடினனான்." கண்ணாடி அப்போதும் அவள் நெற்றியில்தான் இருந்தது.

அவள் சொன்னபடியே நடந்தது. முதல் இரண்டு கிழமையும் விறைப்பு கூடியது. ஒரு காலை சப்பாத்துக்குள் கால் இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாமல், குசினியில் அலுமாரியைத் திறந்து ஜேர்மனிப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டார். றொபேட் பின்னால் நின்றான்.

"அண்ணை, அந்த ரூட் நிப்பாட்டியாச்சு."

"ஒண்டே ஒண்டு. நரம்புக்கு எண்டு எழுதியிருக்கடா."

"அந்த மனுசி எழுதித் தந்ததையும் வாசியுங்கோ." சுவரில் ஒட்டியிருந்த துண்டைக் காட்டினான். ஜீவரட்ணம் போத்தலை அவனிடம் கொடுத்தார். அவன் நாலையும் அன்றைக்கே இங்கரிடம் கொண்டுபோய் ஒப்படைத்தான், குப்பையில் போடாமல் அழிப்பதற்கு.

நாலாம் கிழமை தேத்தண்ணிக் கோப்பையின் சூடு பெருவிரலில் தெரிந்தது. ஜீவரட்ணம் கோப்பையை வைக்காமல் ஆறும்வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.

வைத்தியரின் யோசனைப்படி நித்திரையைச் சீர்ப்படுத்த முயன்றார். மத்தியானத்துக்குப் பிறகு கோப்பி இல்லை. பின்னேரம் ஊரைச் சுற்றி ஒரு மணித்தியாலம் நடை, முதலில் தடியோடு, பிறகு தடியில்லாமல். நடக்கும்போது கெல் அடிக்கடி சேர்ந்துகொண்டார். அவர் மனைவியை இழந்தவர், வீட்டில் கதைக்க ஆளில்லை. சந்திக்குச் சந்தி நிறுத்தி, "இப்ப ஆர் முதல் போகலாம்?" என்று கேட்பார். ஜீவரட்ணம் பஸ் நிலையத்தில் அறிவிக்கிற குரலில் சொல்வார்: நீல வான் நிற்கவும், சைக்கிள் அம்மா புறப்படவும். ஆட்களும் வண்டிகளும் கண்முன்னே நின்றபோது சொற்கள் தாமாக ஒட்டிக்கொண்டன. வைகாசியில் மூன்றாம் தரம் சோதினை எழுதினார். ஒரே ஒரு பிழை.

கார் ஓட்டிக் காட்டுகிற சோதினைக்குக் கெல் அவரை விடவில்லை. "கால் சரியெண்டு வைத்தியர் எழுதித் தரட்டும்" என்றார். அதற்குள் ஆனி கடைசியில், கிருபாமலருக்கும் பிள்ளைக்கும் வர அனுமதி என்று கடிதம் வந்தது. அந்த வருசத் தொடக்கத்திலிருந்து கோப்புகள் அசையத் தொடங்கியிருந்தன. ஏன் அவை இரண்டு வருசம் படுத்துக்கிடந்தன என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கியிருந்தன. அந்தக் கேள்வி பின்னர் ஒரு அரசாங்கத்தையே இறக்கும் என்று அப்போது ஒருவரும் நினைக்கவில்லை. ஜீவரட்ணம் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு றொபேட்டிடம் கொடுத்து, அவனையும் உரத்து வாசிக்கச் சொன்னார்.

ஆவணி பதினேழு, பில்லுண்ட். லைசென்ஸ் கையில் இல்லை. றொபேட் ராக்சி பிடிப்போம் என்றான். கெல் முதல் நாள் வந்து, "நாளைக்கு மூண்டு மணிக்குப் பாடம் இருக்கு. பில்லுண்ட் ரோட்டில்" என்றார்.

"பின் சீற்றிலை ஆக்கள் இருக்கலாமா?"

"சுமையோட ஓட்டவும் பழகத்தானே வேணும்."

கிருபாமலர் வெளியே வந்தபோது மெலிந்திருந்தா. சோபனா எட்டு வயது, தகப்பனைப் படத்தோடு ஒத்துப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஜீவரட்ணம் பெட்டியைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார். கார் அருகே வந்ததும் கிருபாமலர் கூரைப் பலகையைப் பார்த்தா.

"இஞ்சாருங்கோ, இது என்ன எழுதியிருக்கு?"

"பழகுற கார் எண்டு."

"அப்ப ஆர் ஓட்டப்போறது?"

"நான்தான்."

அவ கெல்லைப் பார்த்தா. கெல் பெரிய கும்பிடு ஒன்று போட்டார், றொபேட் சொல்லிக் கொடுத்தது. "அப்ப ஒருக்காச் செபம் பண்ணிப்போட்டு ஏறுவம்" என்றா கிருபாமலர். கார் நிறுத்துமிடத்தில் நின்று செபித்தார்கள். கெல்லும் தொப்பியைக் கழற்றினார். வழியில் ஜீவரட்ணத்தின் வலது கால் ஒவ்வொரு மிதிப்பையும் உணர்ந்தது. கெல் தன் பிறேக்கைத் தொடவேயில்லை.

பெட்டிக்குள்ளிருந்து மறுநாள் மிளகாய்த்தூளும் புளியும் வந்ததோடு ஒரு கண்ணாடிப் போத்தலும் வந்தது. வல்லாரை லேகியம், கொழும்பில் வாங்கியது. "மறதி எண்டு முந்தி எழுதியிருந்தீங்களே. எனக்கும் இப்ப ஒண்டும் நினைவு நிக்குதில்லை. ரண்டு பேருமாச் சாப்பிடுவம்" என்றா.

ஜீவரட்ணம் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். கிருபாமலருக்கு இது பெரிய புதினமாக இருந்தது. கறிக்குப் போடுகிற கீரையைக் கேட்க மருந்துக்கடைக்குப் போகிறவரை அவ முன்னர் கண்டதில்லை.

இங்கர் லேகியத்தை முகர்ந்து பார்த்தாள், தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். "எனக்கு இதைத் தெரியாது" என்றாள். "உள்ளே என்னென்ன எவ்வளவு எண்டும் எழுதியில்லை. ஆர் சாப்பிடப்போறது? அவ வேற ஏதும் எடுக்கிறாவா? மருந்து, விற்றமின், எண்ணெய், எது எண்டாலும்."

ஜீவரட்ணம் தமிழில் கேட்டார். "ஒண்டுமில்லை" என்றா கிருபாமலர், கொஞ்சம் அவசரமாக. பிறகு கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினா. மறுபடி திறந்து ஒரு கடதாசிச் சரையை எடுத்து மேசையில் வைத்தா. பிறசர் குளிசை.

"எப்ப தொட்டு?"

"எண்பத்தேழு ஐப்பசி தொட்டு. செல் குண்டு விழுந்த கிழமை மயங்கிப்போனன்."

"ஏன் எழுதேல்லை?"

"தனிய இருக்கிற மனுசனுக்கு இதை எழுதி என்ன செய்யிறது?"

ஜீவரட்ணம், பனி வடிவாக இருக்கிறது என்று எழுதிய அந்த மாதங்களில் தன் காலும் கையும் எப்படி இருந்தன என்று தொடக்கத்திலிருந்து சொன்னார். கொடிக்கம்பம் வரை வந்தபோது கிருபாமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. சிரித்துக்கொண்டே அழுதா. அவவைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்தது. வரிசையில் நின்ற இரண்டு பேர் பொறுமையாக நின்றார்கள். இங்கர் விளங்காமலே காத்திருந்தாள்.

"என்ன சொல்லுறா?"

"பிறசர் குளிசை எடுக்கிறாவாம். நான் இப்பதான் கேள்விப்படுறன்."

இங்கர் சரையை வாசித்தாள். "நல்ல வேளை கேட்டது. இந்தக் குளிசையை விடக்கூடாது. லேகியத்தை இதோட சேர்த்துச் சாப்பிட நான் சொல்ல மாட்டன், எனக்குத் தெரியாததாலை. திங்கட்கிழமை வைத்தியரிட்டைப் போங்கோ. ரண்டையும் கொண்டு போங்கோ." ஒரு துண்டை எடுத்துக் கிருபாமலரின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதி, கீழே மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். "இனி ஒண்டு கூடினாலும் குறைஞ்சாலும் இதிலை எழுதுங்கோ."

கிருபாமலர் அந்தத் துண்டை வேதாகமத்துக்குள் வைத்தா. அடுத்த கிழமை ஓகூஸ் நகரில் தமிழரின் செபக்கூட்டத்துக்குப் போனபோது, பக்கத்தில் இருந்த பெண்களிடம் யார் யார் என்ன குளிசை போடுகிறார்கள் என்று அவ விசாரிக்கத் தொடங்கினா. யோகம்மா என்ற அக்கா ஒருத்தி தன் பையிலிருந்து ஆறு போத்தல் எடுத்து வைத்தா. ஜீவரட்ணம் தேத்தண்ணியோடு தள்ளி நின்று பார்த்தார். ஒவ்வொரு போத்தலையும் சுற்றிச்சுற்றி, தெரிந்த ஆங்கில எழுத்தில் தேடி, "அக்கா, இதிலையும் அந்தப் பி ஆறு இருக்கு, கவனம்" என்று கிருபாமலர் சொல்லிக்கொண்டிருந்தா.

ஐப்பசியில் அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. இடது காலின் சின்னவிரலில் மட்டும் விறைப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது தன்பாட்டில் போகும், போகாவிட்டாலும் ஓட்டத் தடையில்லை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். பழைய சிவப்புக் கார் ஒன்றில் முதல் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனார்கள். கெல் முன் சீற்றில் பயணியாக இருந்து, கிருபாமலர் சுற்றிக் கொடுத்த ரொட்டியை உறைப்பில் கண்ணீர் வடியச் சாப்பிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.